உசாத்துணையில் பெயர் வராத சாட்சிகள்

எங்கட ஊரைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கினால், எழுதி முடித்து உசாத்துணைப் பட்டியல் போடுகிற நேரத்தில்தான் முட்டிக்கொள்வோம். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்று உயிர் தப்பியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அந்த இரவைப் பற்றி வெளியூர்ல இருந்து யாரோ எழுதின புத்தகம் பட்டியலில் வரும். உள்ளே நின்ற மனிதரின் பெயர் வராது.

ஏ.பி.ஏ. முறைப்படி, பதிவில்லாத நேர்ப்பேச்சு 'தனிப்பட்ட தொடர்பாடல்'. பெயரும் திகதியும் கட்டுரைக்குள் வரலாம், பட்டியலில் கூடாது. ஆய்வுக்கென்றே பேட்டி எடுத்தால் அவர் 'பங்கேற்பாளர்'. அநேகமாக ப.1, ப.2 என்று இலக்கமாகிவிடுவார். வாசகர் தேடிப்போய்ச் சரிபார்க்க முடியாததைப் பட்டியலிடக் கூடாது என்பதுதான் காரணம். நியாயமான காரணம்தான்.

ஆனால் இந்த விதி வானத்தில இருந்து இறங்கினது இல்ல. அமெரிக்காவில் உளவியல், மானிடவியல் சஞ்சிகை ஆசிரியர்கள் 1928இல் கூடிப் பேசி, 1929இல் ஏழே பக்கத்தில் வெளியிட்ட அறிவுறுத்தல்தான் இதன் தொடக்கம். விதிவிலக்குகள் தேவைப்படும் என்று அந்த ஏழு பக்கமே ஒத்துக்கொண்டது. 2019இல் வந்த 7ஆம் பதிப்பு 400 பக்கத்தையும் தாண்டுகிறது. எங்கட கைக்கு வரும்போது அந்த விதிவிலக்குப் பேச்சு மட்டும் எங்கேயோ கழன்று போய்விடுகிறது!

கனடாவில் அதைக் கையில் எடுத்தார்கள். பழங்குடி மூத்தோரின் சொல்லைத் தனிப்பட்ட தொடர்பாடலாகச் சுருக்குவது போதாது என்று லோரிசியா மக்லியொட் என்ற நூலகர், நோர்குவெஸ்ட் கல்லூரியோடு சேர்ந்து வேறொரு வடிவம் உருவாக்கினார். அதுபற்றி 2021இல் எழுதியும் இருக்கிறார். பெயர், சமூகம், வாழும் இடம், பேசிய விடயம், திகதி எல்லாம் பட்டியலிலேயே வரும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் 'மட்டக்களப்பு மான்மியம்'. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பிக்கும்வரை அது ஏட்டில் கிடந்த சங்கதி. அச்சேறிய பிறகு யாரும் தயங்காமல் மேற்கோள் காட்டுகிறோம்.

அப்பிடிப் பார்த்தா, விதியை உடைக்கத் தேவையில்லை. பேட்டியை ஒலிப்பதிவு செய்து, அனுமதி வாங்கி, நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் போன்ற இடத்தில் வைத்தால், யாரும் தேடி எடுக்கக்கூடிய மூலமாகிவிடும். ஏ.பி.ஏ.யே பட்டியலில் சேர்க்கச் சொல்லும்.

எல்லாரும் குரலைப் பொதுவில் வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது. அவர்களுக்காக, பட்டியலுக்குக் கீழே 'வாய்மொழிச் சான்றுகள்' என்று ஒரு தனிப்பகுதி வேண்டும். பெயர் சொல்ல விரும்பாதவருக்கு வயதும் பேட்டி எடுத்த ஆண்டும் போதும். மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்க வேண்டியது முன்மொழிவு எழுதுகிற கட்டத்திலேயே. ஒப்படைக்கிற வாரத்தில் கேட்டால் ஆகாது.