மதிப்பெண்ணை யார் கேட்பது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வு முடிவுகள் வெளியானபின் மறுமதிப்பீட்டுக்கு 3 லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் குவிந்தன. மறுமதிப்பீட்டில் 73,000-க்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றதாகச் செய்திகள் வந்தன. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அதன்பின் பேச்செல்லாம் ஊழலைப் பற்றியதாகவே இருந்தது. எத்தனை தாளில் காசு விளையாடியது என்பது வழக்கின் பாடு. தேர்வு முறையை ஆராய்பவருக்கு வேறொரு கேள்வி மிஞ்சுகிறது. ஏறத்தாழ நாலில் ஒரு முடிவு மாறியது என்றால், பிழை முதலில் திருத்தியவருடையதா, அடுத்துத் திருத்தியவருடையதா? மாணவருக்கு இதை விளக்கிச் சொல்லும் கடமை யார் தலையிலும் இல்லை.

இந்த மௌனத்துக்குச் சட்டத்தின் துணை உண்டு. விடைத்தாளைப் பார்க்கவும் மறுமதிப்பீடு கேட்கவும் மாணவருக்கு உரிமை இல்லை, கூட்டல் சரியா என்று மட்டும் சரிபார்க்கலாம் என்பது அன்று மகாராஷ்டிரக் கல்வி வாரியத்தின் விதியாக இருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1984-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ரண் விஜய் சிங் வழக்கில் 2017-இல் வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: ஐயம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போக வேண்டும், தேர்வருக்கு அல்ல.

கல்வியாளரின் முடிவில் நீதிபதி கைவைக்கக் கூடாது என்பது நியாயமான கொள்கைதான். வேதியியல் விடைக்கு 6 மதிப்பெண்ணா 8 மதிப்பெண்ணா என்று நீதிமன்றம் அளக்க முடியாது. ஆனால் அந்த மரியாதை இலவசமாகக் கிடைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதே கொள்கையை நிலைநாட்டிய 1978-ஆம் ஆண்டு வழக்கைப் பார்க்கலாம். மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் நகர மருத்துவப் பள்ளியில் இறுதியாண்டு மாணவி ஒருவர் நீக்கப்பட்டார். அதற்குமுன் அவருடைய குறைகள் அவரிடம் பலமுறை சொல்லப்பட்டிருந்தன. மேல்முறையீடு போல, பணியிலுள்ள 7 மருத்துவர்கள் அவரைத் தனித்தனியே சோதித்தனர். உரிய காலத்தில் பட்டம் தரலாம் என்றவர்கள் 2 பேர், உடனே நீக்க வேண்டும் என்றவர்கள் 2 பேர், கண்காணிப்பில் தொடரட்டும் என்றவர்கள் 3 பேர். நிபுணர்களே இப்படிப் பிரிந்து நின்ற ஒரு வழக்கில், முறையான விசாரணை தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. காரணங்கள் மாணவிக்கு முன்பே தெரிந்திருந்தன, முடிவு நிதானமாக எடுக்கப்பட்டது என்பதே அதற்கு அடிப்படை. நம் ஊரில் கொள்கையை வாங்கிக்கொண்டோம், அடிப்படையை விட்டுவிட்டோம்.

முழுக்க விட்டுவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளும் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 'தகவல்'தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்றது. திருத்தியவரின் பெயரை மறைக்கலாம், தாளை மறைக்க முடியாது. கட்டணச் சிக்கலும் பின்னாளில் அவிழ்ந்தது: நிறுவனத்தின் வழியில் நகல் கேட்டால் நிறுவனக் கட்டணம், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியில் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம் என்று 2019-இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. மத்திய அரசின் விதிப்படி அது விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். அரியர் வைத்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிமுறைகள், மாணவரின் மேல்முறையீட்டைக் கேட்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கின்றன. மறுமதிப்பீட்டு மனுக்களை மட்டும் அவர் ஏற்கக் கூடாது. முடிவைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ மாணவர் சுட்டிக்காட்டினால்தான் ஏற்கலாம். சுட்டிக்காட்ட வேண்டுமானால் தாளும், எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்ற திருத்தும் குறிப்பும் மாணவர் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாதவருக்கு இந்த விதிவிலக்கு வெறும் எழுத்து.

ஆகவே கேட்க வேண்டியது மூன்றுதான். தோற்ற தாளின் நகலை, மாணவர் கேட்காமலேயே கட்டணமின்றி இணையத்தில் தர வேண்டும். திருத்தும் குறிப்பையும் அதனோடு சேர்க்க வேண்டும். மறுமதிப்பீட்டில் 'மாற்றமில்லை' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், ஏன் மாற்றமில்லை என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.