சீனக்குடா ஸ்டேஷனும் எங்கள் ஹார்ட்போர்ட் கோச்சியும்

 

பாடசாலைக் கண்காட்சிக்குக் கோச்சி மாதிரி ஒன்று செய்வோம் என்று தரம் 9 பிள்ளைகள் வந்தார்கள். கையில் யூடியூபில் பார்த்த படம்: பனிமலை, சுரங்கம், சிவப்பு எஞ்சின். தம்பலகாமத்து வயலுக்குள் பனிமலை ஏது? சிரித்து முடித்து, நம்ம பாதையையே செய்வோம் என்று தீர்மானித்தோம். அதற்காகத் தேடிப் படித்ததில் கொஞ்சம் இது.

1865இல் அம்பேபுஸ்ஸ வரை ஓடத் தொடங்கிய புகையிரதம் திருகோணமலைக்கு வந்து சேர 1927 ஆனது. அடுத்த வருடம் மட்டக்களப்பு. கோப்பிக்கும் தேயிலைக்கும் மலை ஏறிய பாதைக்கு அவசரம் இருந்தது. காடும் குளமும் மலேரியாவுமாய்க் கிடந்த நம் பக்கத்துக்கு இருக்கவில்லை. இத்தனைக்கும் இங்கே இருப்பது உலகமே பேசும் துறைமுகம்!

கல்ஓயா சந்தியில் பிரிந்து அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று வருகிறது நம் பாதை. சுமார் 70 கிலோமீற்றர். நாங்கள் எடுத்த அளவு 87இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் முழுப் பாதைக்கும் 800 மீற்றர் நீள மேசை வேண்டும். மைதானமே போதாது. எனவே சீனக்குடா ஸ்டேஷனில் 200 மீற்றர் மட்டும் எடுத்தோம். 2.3 மீற்றரில் அடங்கியது, இரண்டு மேசை.

தண்டவாளத்திலும் ஒரு பிரச்சினை. இந்த அளவில் கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். ஐரோப்பாவின் 1435 மில்லிமீற்றர் பாதைக்கு அது பொருந்தும். நம்முடையதோ 1676. சுருக்கினால் 19க்கு மேல் வருகிறது. ஆகவே ஹார்ட்போர்டில் நாங்களே வெட்டினோம். கணிதப் பாடத்தில் விகிதம் விளங்காத பிள்ளைக்கு அன்று விளங்கிவிட்டது.

இது விளையாட்டுச் சாமான் வேலை என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு வந்தது. ரோய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர் 1925இல் பிரித்தானியாவுக்குப் போனார். கிராமத்துப் பழைய வீடுகள் கண்ணெதிரே அழிவதைப் பார்த்து, அவற்றை அளந்து அளந்து சிறு மாதிரிகளாகச் செய்தார். அதுதான் பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. உண்மையான வீடு போன பிறகும் அதன் அளவு அங்கே இருக்கிறது.

பெரிய சண்டை வந்தது வேறு விஷயத்தில். எந்த வருடத்தைச் செய்வது?

பையன்களுக்கு 1942 ஏப்ரல் 9 வேண்டும். ஜப்பானிய விமானங்கள், எரியும் எண்ணெய்த் தாங்கி. பஞ்சும் சிவப்புச் சாயமும் தயார். இன்னொரு கூட்டத்துக்கு இன்றைய சீனக்குடா போதும். போர்க்காலத்தில் கோச்சி அடிக்கடி நின்ற வருடங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை, அது எங்கள் குறைதான்.

கடைசியில் 1980களின் தொடக்கம் என்று ஒத்துக்கொண்டோம். மா ஆலை வந்துவிட்டது. கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த எம்2 எஞ்சினும் ஓடுகிறது. கனடா மாகாணங்களின் பெயர் அவற்றுக்கு. ‘ஒன்டாரியோ’ என்று எழுத பிள்ளைகளுக்குள் போட்டி.

பிறகு பிளாட்ஃபோர்மில் ஆட்களை ஒட்டும்போது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், யார் யாரை நிற்க வைக்கிறது? எத்தனை பேர்?”

மேசையைச் சுற்றி சத்தமே இல்லை. தொப்பி போட்டவர், பொட்டு வைத்தவர், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள அம்மா என்று ஆளுக்கொருவர் சொன்னார்கள். யாரை எங்கே நிறுத்துவது என்பதற்கே ஒரு பாடவேளை போனது. முதலில் மூன்று கூட்டமாக ஒட்டினார்கள். அந்த மாணவி கழற்றிக் கலந்து ஒட்டினாள். “கோச்சி வரும்போது எல்லாரும் கதவுப் பக்கம்தானே ஓடுவாங்க” என்றாள்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். அந்தக் காலத்தில் சீனக்குடா ஸ்டேஷன் கூரை என்ன நிறம்? ஒருவர் வீட்டு மூத்தவாப்பா சிவப்பு என்கிறார், இன்னொருவர் வீட்டு உம்மம்மா சாம்பல் என்கிறார். உங்கள் வீட்டு அல்பத்தில் பழைய படம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். அதுவரை கூரையை ஒட்டாமல் வைத்திருக்கிறோம்.