பிடிச்சா விடாத கிளிப்பு

போன ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு கார் பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டரோட கீழ் ஹோஸ்ல லேசா கசிவு. புது ஹோஸ் ரெடியா வாங்கி வெச்சிருந்தேன். அரை மணி நேர வேலைன்னு தங்கமணிகிட்ட சவால் வேற விட்டாச்சு.

பதினோரு மணிக்கு பழைய ஹோஸ் கையோட வந்துடுச்சு. அதுக்குள்ளயே ரேடியேட்டரோட பிளாஸ்டிக் மூக்கும் வந்துடுச்சு :-( கிளிப்பைக் கழட்டியும் ஹோஸ் அசையாததால, காலை முட்டுக் கொடுத்து இழுத்ததோட பலன்.

வந்து பார்த்த மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தூக்கிப் போடற ஹோஸ்தானே சார், அறுத்து எடுத்திருக்கலாமே?"

பதில் இல்லை. குப்பைக்குப் போற பொருளைக் காப்பாத்தி, காப்பாத்த வேண்டியதை உடைச்சிருக்கேன். இது ஏன் இப்படிப் பிடிச்சுக்குதுன்னு அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

கார்ல் பென்ஸ் 1886ல் காப்புரிமை வாங்கின வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைச் சுத்தியிருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாகிப் போகும், ஓட்டறவர் மறுபடி ஊத்திக்கணும். 1901ல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்கு வில்ஹெல்ம் மைபாக் தேன்கூடு ரேடியேட்டர் செஞ்சார். அதில் 8,070 சின்னச் சின்னக் குழாய்கள். ஒரே தண்ணி எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் சுத்திச் சுத்தி வந்தது.

இங்கதான் சிக்கல். எஞ்சின் ஒரு பக்கம் ஆடும், ரேடியேட்டர் தன் இடத்துல உக்காந்திருக்கும். ரெண்டையும் இரும்புக் குழாயால இறுக்கிக் கட்டினா விரிசல் விடும். நடுவுல ரப்பர் வேணும். பச்சை ரப்பரோ சூட்டுல பிசுபிசுன்னு ஆயிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை உறுதியாக்கற முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844லயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார். நல்லவேளை!

அடுத்து, ரப்பரை உலோகத்து மேல எப்படிப் பிடிச்சு வைக்கிறது? கம்பியைச் சுத்தி முறுக்கினாங்க, பட்டை போட்டு போல்ட்டால இறுக்கினாங்க. 1908லிருந்து 1927 வரை 1.5 கோடிக்கு மேல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணி பம்ப்பே கிடையாது. சூடான தண்ணி மேல ஏற, ஆறினது கீழ இறங்க, தானா சுத்தும். அழுத்தம் கம்மிங்கறதால அந்தப் பட்டையே தாங்கிச்சு.

1921ல் ஆங்கிலேயக் கடற்படை கமாண்டர் லம்லி ராபின்சன் ஒரு கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதான் ஜூபிலி கிளிப். பட்டையில வரிசையா வரிப்பள்ளம், அதில் கடிச்சு ஓடற ஒரு திருகு. ஒரு சுத்து சுத்தினா பட்டை ஒரு பள்ளம் நகரும். கை பலம் பல மடங்காகும், தானா தளரவும் செய்யாது. நூறு வருஷம் தாண்டியும் கடைகள்ல அதே அமைப்பு கிடைக்குது.

ஆனா அந்தப் பலம்தான் வம்பும். கசிஞ்சா நாம என்ன செய்வோம்? இன்னும் ஒரு சுத்து. வருஷக்கணக்குல ரப்பர் அமுங்கி, மூக்கோட வரம்புக்குள்ள இறங்கி, அழுக்கோடும் துருவோடும் ஒட்டிப் போகுது. அதுக்கப்புறம் கிளிப்பைத் தளர்த்தினா தளர்றது கிளிப்பு மட்டும்தான்.

சூட்டுக்கு ஏத்த மாதிரி விரிஞ்சு சுருங்கற ஸ்பிரிங் கிளிப் பிறகு வந்துச்சு. இப்போ பல கார்கள்ல கிளிப்பே இல்லாம 'கிளிக்'னு மாட்டற பிளாஸ்டிக் கனெக்டர். தொழிற்சாலையில மாட்ட ரெண்டு நொடி போதும். பத்து வருஷம் கழிச்சுக் கழட்டறவன் பாடுதான் திண்டாட்டம். புழுதி இறங்கி, பிளாஸ்டிக் சூட்டுல மொறுமொறுன்னு ஆகியிருக்கும். இழுக்க இழுக்க உள்ள இருக்கற கம்பி இன்னும் கடிக்கும். மெக்கானிக் சொன்ன சூட்சுமம்: முதல்ல உள்பக்கமா *தள்ளணும்*. பிடி தளரும், அப்ப கம்பியைத் தூக்கிட்டு வெளிய எடுக்கணும்.

ரப்பர் ஹோஸுக்கும் அதே மாதிரிதான். இழுக்காதீங்க, திருகுங்க. ஒட்டு விடலைன்னா வெந்நீர் ஊத்தி இளக்குங்க. அதுக்கும் மசியலைன்னா பிளேடால நீளவாக்குல, மூக்குல கீறல் படாம அறுத்துடுங்க.

கசியக் கூடாதுங்கறதுலதான் எல்லாரோட மூளையும் வேலை செஞ்சிருக்கு. கழட்டறதுக்கு மிஞ்சினது பொறுமை மட்டும்தான். எனக்கு அதுக்கு ஒரு ரேடியேட்டர் விலை ஆச்சு. தங்கமணி இன்னும் அரை மணி நேரக் கணக்கைக் கேட்டுட்டு இருக்காங்க :-)

டிஸ்கி: எஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியிலயும் ஹோஸ்லயும் கை வைக்கணும். கொதிக்கிற தண்ணி பதிவெழுத விடாது.