பிறர் வெயிலில் பிழைப்பு

உதகமண்டலத்தின் சரித்திரம் பெரும்பாலும் பங்களாக்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கல் பங்களா எழுப்பத் தொடங்கினார். அடுத்த சில வருஷங்களில் ஏரி வந்தது. கல் சுமந்தவனும் மண் வெட்டியவனும் இந்தச் சரித்திரத்தில் வருவதில்லை.

1870 முதல் சென்னை ராஜதானியின் அரசாங்கமே கோடையில் மலையேறிற்று. கவர்னரோடு கோப்புகள், கோப்புகளோடு குமாஸ்தாக்கள், அவர்களுக்குப் பின்னால் சமையல்காரர், வண்ணார், குதிரைக்காரர். 'சீசன்' என்பதைப் பருவம் என்று மொழிபெயர்ப்பது தவறு. அது இயற்கை வகுத்ததல்ல, சர்க்கார் வகுத்தது. மலையில் இருப்பது குளிர். அதற்கு விலை வைப்பது சமவெளியின் வெயில்.

1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. பயணம் சுலபமாயிற்று; பிழைப்பின் அமைப்பு மாறவில்லை. கவர்னர்கள் போன பிறகும் மாறவில்லை. லாட்ஜ் அறை, குதிரைச் சவாரி, வர்க்கி, தைலம் எல்லாமே ஏப்ரல், மே மாதங்களை நம்பித்தான்.

2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலையேற இ-பாஸ் வேண்டும். மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் எண்ணப்படும் ஒவ்வொரு வண்டியும் யாரோ ஒருவனுடைய மழைக்காலத்து அரிசி. அதையும் அதே கணக்கில் எழுதாவிட்டால், நாம் எழுதுவது இன்னொரு பங்களாவின் சரித்திரம்தான்.