பாண்டியர் குதிரைப் பந்தியும் குளம்பு நோயும்

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை முதலிய சங்க நூல்கள் குறிக்கின்றன. வாதவூரர் குதிரை கொள்ளப் பொருளொடு சென்ற வரலாற்றைத் திருவிளையாடற் புராணங்கள் விரித்துரைக்கின்றன. குதிரைச் செட்டிகள் என்போர் சோழர் காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். இவற்றைத் துணையாகக் கொண்டு குதிரை வாணிகத்தைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயின், கரையிறங்கிய குதிரை எதனைத் தின்றது, எங்ஙனம் கட்டப்பட்டது, எத்துணைக் காலம் வாழ்ந்தது என்னும் வினாக்கள் அவ்வாணிகத்தின் அளவுக்கு ஆராயப்படவில்லை. பாண்டியர் ஆண்டுதோறும் புதுக்குதிரை வாங்க நேர்ந்ததன் முதற்காரணம் கடலிலோ வானிலையிலோ இல்லை, பந்தியிலேயே இருந்தது என்பது எம் கருத்து.

மாறவர்மன் குலசேகரன் (கி. பி. 1268 - 1310) ஆட்சியின் பிற்பகுதியில், ஏறத்தாழ 1292 இல், மார்க்கோ போலோ பாண்டி நாட்டிற்கு வந்தார். ஓர்முசு, கீசு, ஏதன் முதலிய துறைகளினின்று குதிரைகள் காயலில் வந்திறங்கியதை அவர் குறித்துள்ளார். தாமிரபரணிக் கழிமுகத்திலுள்ள பழைய காயலே அத்துறை எனக் கால்டுவெல் தெளிவுபடுத்தினார். மன்னர் ஐவரும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் போலோ எழுதுகிறார். குதிரைகளுக்கு அரிசியோடு வேகவைத்த இறைச்சியை இட்டனர் என்பதும், இலாடம் அடிப்போர் இந்நாட்டில் இலர் என்பதும், அத்தகையோர் இங்கு வாராமல் வணிகரே தடுத்தனர் என்பதும் அவர் கூற்றுகள். உயர்ந்த பெட்டைக்கும் உயர்ந்த ஆண்குதிரைக்கும் பிறந்த குட்டியும் கால் திருகிப் பயனற்றதாயிற்று என்கிறார். அவருடைய நூலின் சில படிகளில் தட்பவெப்பம் ஒவ்வாமையும் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இச்செய்திகளை நம்மவர் இருவகையாகக் கையாண்டுள்ளனர். சிலர் அயலவரின் மிகைக்கூற்று எனத் தள்ளினர். சிலர் தமிழர்க்குக் குதிரை வளர்க்கத் தெரியாது என்பதற்குச் சான்றாக எடுத்தாண்டனர். இரண்டும் பொருந்தா. போலோவினும் நுட்பமான சான்று ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. அது பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியது.

வஸ்ஸாப் பாரசீகத்தில் மங்கோலிய மன்னர் ஆட்சியில் வரித்துறையில் பணியாற்றியவர். வளைகுடா வணிகரின் கணக்குகளை அறியும் வாய்ப்புடையவர். கீசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளைப் பாண்டி நாட்டிற்கு அனுப்புவது என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், வழியில் இறப்பவற்றின் விலையையும் அரச கருவூலமே தருவது என்றும் ஏற்பட்ட உடன்பாட்டை அவர் எடுத்துரைக்கிறார். சமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தகியுத்தீன் காயலில் இருந்து இவ்வாணிகத்தைக் கவனித்தார். இவ்வுடன்பாட்டின்படி மட்டும் ஆண்டுச் செலவு 3,08,000 தினார் ஆகும். அதற்கு முற்பட்ட காலத்தில் பாண்டி நாடு, கம்பாயத்து முதலிய துறைகள் அனைத்திற்கும் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் கூறுவதை அவ்வளவு உறுதியாகக் கொள்ளவியலாது. பதினாயிரத்தை 220 ஆற் பெருக்கினால் வரும் தொகை அதுவே. ஆதலின் அஃது ஏட்டுக் கணக்கன்று, வாய்க்கணக்கு எனலாம்.

நம் ஆய்வுக்கு இன்றியமையாதது அடுத்து வருவது. குதிரைகள் வந்து சேர்ந்தவுடன் பச்சை வாற்கோதுமைக்கு மாற்றாக வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்டுச் சமைத்த தானியமும் தரப்பட்டன. பருகக் காய்ச்சிய ஆவின்பால் தரப்பட்டது. கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றாற் கட்டிவைத்தனர். பின்னர்ப் பயிற்றாமலே வீரர் ஏறிக் கடுமையாக ஓட்டினர். சின்னாளில் விரைவும் வலிவும் மிக்க குதிரைகள் தளர்ந்து மந்தமாயின. ஆதலின் ஆண்டுதோறும் புதியன தேவைப்பட்டன. இதுவே வஸ்ஸாப் கூற்றின் சாரம்.

இவ்வுணவு பாண்டியர் பந்தியில் அறியாமையாற் பிறந்ததன்று. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் இடுவது வடமொழி நூல்களில் விதிக்கப்பட்ட முறையே. கௌடிலியரின் அருத்தசாத்திரம் இரண்டாம் அதிகரணத்தில் உயர்தரக் குதிரைக்கு ஊறவைத்த அல்லது வேகவைத்த நெல், வாற்கோதுமை முதலியவற்றோடு 50 பலம் இறைச்சி, 5 பலம் உப்பு, எண்ணெய், தயிர் ஆகியவற்றை வகுக்கிறது. குதிரையைப் பேணும் நூல்கள் தமிழகத்திலும் போற்றப்பட்டன. நகுலர் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952 இல் பதிப்பித்துள்ளது. ஆனால் கௌடிலியர் தீனியை மட்டும் கூறி நின்றாரல்லர். குதிரையின் நடைவகைகளையும், அதனை நாளொன்றுக்கு எத்தனை யோசனை செலுத்தலாம் என்பதையும் அதே இயலில் வரையறுக்கிறார். உழைக்கும் குதிரைக்கு வகுத்த உணவை நாற்பது நாள் கட்டுண்டு நின்ற குதிரைக்கு இட்டதே கேடாயிற்று எனக் கொள்ளலாம். விதியின் ஒருபாதி காக்கப்பட்டது, மறுபாதி கைவிடப்பட்டது.

இனி, இற்றைக் கால்நடை மருத்துவம் இதனைப் பற்றிக் கூறுவதைக் காண்போம். குதிரை அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. புல்லின் நார்ப்பொருள் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டே செரிக்கிறது. தானியத்தின் மாப்பொருள் சிறுகுடலிற் செரிக்க வேண்டும். அளவு மிகின் எஞ்சியது பெருங்குடலை அடைந்து அமிலமாகிறது. அவ்வமிலப் பெருக்கின் விளைவு குடலோடு நில்லாமல் குளம்பைத் தாக்குகிறது. குதிரையின் கால்நுனி எலும்பு குளம்பின் சுவரோடு நூற்றுக்கணக்கான மெல்லிய மடல்களால் பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. இம்மடல்கள் அழற்சியுற்றுத் தளர்ந்தால், உடற்சுமை அழுத்த, எலும்பு திரும்பியோ இறங்கியோ விடும். அதன்பின் அக்குதிரை நிற்கவும் அஞ்சும்.

இந்நோயின் மற்றொரு வாயில் அண்மையிலேயே தெளிவாயிற்று. மட்டக்குதிரைகளின் குருதியில் இன்சுலினை நெடுநேரம் மிகுத்து வைத்தால், வேறு காரணம் இன்றியே குளம்பு மடல்கள் அழற்சியுறும் என்பது 2007 இல் ஆத்திரேலியாவில் நடந்த ஆய்வால் நிறுவப்பட்டது. உடற்பருமன், உழைப்பின்மை, எளிதிற் செரிக்கும் மாப்பொருள் ஆகிய மூன்றும் இன்சுலினை உயர்த்துவன. இங்கே வஸ்ஸாபின் சொற்கள் புதிய பொருள் பெறுகின்றன. தானியத்தை வறுத்தும் வேகவைத்தும் இட்டால் அது சிறுகுடலிலேயே செரித்துவிடும். பெருங்குடல் அமிலத்தின் ஊறு குறையும். ஆதலின் பாண்டியர் பந்தியாளர் பச்சைத் தானியத்தை நீக்கியதில் ஒருவகை அறிவு இருந்தது. அதே செயல் குருதியின் சர்க்கரையையும் இன்சுலினையும் விரைந்து உயர்த்துவது அவர்க்குப் புலப்படாது. ஒரு வாயிலை அடைத்து மற்றொன்றைத் திறந்துவிட்டனர்.

அளவையும் நோக்குவோம். எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாப்பொருள் என்பதே ஒருவேளைத் தீனிக்குப் பாதுகாப்பான எல்லை என்பர்; இரண்டு கிராமைத் தாண்டுதல் கேடு. 400 கிலோ எடையுள்ள அரபுக் குதிரைக்கு முன்னைய எல்லை 400 கிராம். அரைக் கிலோ அரிசியிலேயே ஏறத்தாழ அவ்வளவு மாப்பொருள் உண்டு! நாள்தோறும் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கேனும் உலர்ந்த புல் வேண்டும் என்பதும் இன்றைய விதி. அயலார் இருவரும் பந்தித் தீனியை விரிவாகச் சொல்லும் இடங்களில் புல்லைப் பற்றிப் பேசாமை கருதத்தக்கது. பாலும் நன்மை செய்திராது; வளர்ந்த குதிரைக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவு.

தானியத்தால் வரும் குதிரைநோய் பண்டையோர் அறியாததன்று. கிரேக்கர் வாற்கோதுமையின் பெயராலேயே அதனை வழங்கினர். செனபோனும் அரித்தாட்டிலும் அதனைக் குறித்துள்ளனர். மேய்ச்சற் குதிரையினும் கட்டுத்தறிக் குதிரைக்கே நோய் மிகுதி என்பதும் அரித்தாட்டில் கண்டது.

இலாடம் அடிப்போர் இன்மையை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். குளம்பு திங்களொன்றுக்கு ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் வரை வளர்வது; ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கப்பட வேண்டுவது. முளையில் நின்ற குதிரையின் குளம்பு தேயாது. செதுக்குவாரும் இலர் எனின் முன்னுனி நீண்டு, தளர்ந்த மடல்களை மேலும் பிரித்துவிடும். குட்டிகளின் கால் திருகலுக்கும் தீனியையே யாம் காரணமாகக் கருதுகிறோம். அரிசியிலும் தவிட்டிலும் எரியம் மிகுதி, சுண்ணச்சத்து மிகக் குறைவு. அவற்றையே உண்ட தாயின் குட்டிக்கு எலும்பு செவ்வனே அமைதல் அரிது.

எனினும் எல்லா இறப்பையும் தீனியின்மேல் ஏற்றுதல் நேரியதன்று. ஈக்களாற் பரவும் சுர்ரா என்னும் குருதிநோய் இந்நாட்டில் குதிரைகளைக் கொல்வது. அதன் நுண்ணுயிரை 1880 இல் கிரிபித்து எவன்சு கண்டறிந்தார். மேலும், போலோவின் எண்ணிக்கையும் அப்படியே கொள்ளத்தக்கதன்று. 1311 இல் மாலிக் காபூர் தென்னாட்டுப் படையெடுப்பின் முடிவில் 512 யானைகளோடு 5000 குதிரைகளையும் கொண்டிருந்தான் என அமீர் குசுரோ எழுதுகிறார். அவற்றுட் போசள நாட்டுக் குதிரைகளும் இருந்திருக்கலாம்; எனினும் ஆண்டிறுதியில் நூறும் எஞ்சாத நாட்டில் அத்தொகை திரண்டிராது. குதிரைகள் உடனே மடிந்தன என்பதினும் விரைவிற் பயனற்றுப்போயின என்னும் வஸ்ஸாபின் கூற்றே உண்மைக்கு அணித்து. குளம்பு நோயின் இயல்பும் அதுவே.

சமைத்த தீனி பாண்டியரோடு ஒழியவில்லை. 1469 முதல் 1472 வரை தக்காணத்தில் இருந்த உருசிய வணிகர் நிகிதின், ஓர்முசிலிருந்து தாமே ஒரு குதிரையைக் கப்பலேற்றி வந்தவர். இங்குக் குதிரைகளுக்குக் கடலையும், சர்க்கரையும் நெய்யும் சேர்த்து வெந்த கிச்சடியும் இட்டதை எழுதிவைத்தார். சென்னை மாகாணத்தில் பிற்காலத்தே பெருவழக்காய் இருந்த கொள்ளு இவற்றினும் ஏற்றது. அதன் புரதம் நூற்றுக்கு 22 பங்கு, அரிசியிலோ ஏழே. புறநானூற்றின் 335 ஆம் பாட்டு வரகு, தினை, அவரை என்பவற்றோடு எண்ணும் உணவு இக்கொள்ளே. குதிரைக்கு ஏற்ற தீனி நம் புன்செய்க் காட்டிலேயே விளைந்தது. பொன்விலை கொடுத்து வாங்கிய பரிக்கு அது தாழ்வெனத் தோன்றியது போலும்.

இழப்பை உணர்த்தும் வழியையும் உடன்பாடே அடைத்துவிட்டது. வழியில் இறந்ததற்கும் கருவூலம் விலை தந்ததால் வணிகர்க்கு நட்டமில்லை. பந்தியில் நொண்டியானதற்கு மறு ஆண்டு மாற்றுக் குதிரை வந்தது. இவ்வழக்கம் விசயநகரத்திலும் தொடர்ந்தது. கடலில் இறந்த குதிரைகளின் வாலை மட்டும் வணிகர் கொணர்ந்து காட்ட, சாளுவ நரசிம்மன் உயிருள்ள குதிரைக்குரிய விலையையே தந்தான் என நூனிசு எழுதியுள்ளார்.