பெரியபுராணத்தில் இல்லறமும் இறைநம்பிக்கையும்

பெரியபுராணம் போற்றும் நாயன்மார்களில் பெரும்பாலோர் துறவிகள் அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த குயவர், வணிகர், வேளாளர், அந்தணர், அரசர். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் ஓரிரு தொடர்களில் வந்துபோகும் இவர்களுடைய வாழ்க்கையை, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராயிருந்த சேக்கிழார் விரித்துப் பாடினார். அடியார்க்கு அமுதளிப்பதே இவர்களில் பலருக்கு முதன்மைத் தொண்டு. ஆகவே இறைவனிடம் வைத்த நம்பிக்கை கோயிலைவிட அடுக்களையிலேயே அதிகம் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையின் பாரம் பெரிதும் மனைவியர் மேல் விழுகிறது. 63 நாயன்மார்களில் பெண்கள் மூவரே. மற்றவர் வரலாறுகளில் வரும் மனைவியர் பலருக்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை.

இளையான்குடி மாறனார் செல்வம் இழந்து வறுமையுற்ற நிலையில், மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் வருகிறார். வீட்டில் அரிசி இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவர் மனைவி. மாறனார் இருளில் வயலுக்குப் போய் முளைநெல்லைக் கூடையில் அள்ளி வருகிறார். விறகுக்குக் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். பறித்து வந்த கீரையை அந்த அம்மையார் பலவகைக் கறியாக ஆக்குகிறார். விதைநெல்லை எடுப்பது வரும் பருவத்து விளைச்சலையே கைவிடுவது என்பது உழவர் வீட்டுக்குத் தெரியாததல்ல.

திருக்கடவூர்க் குங்கிலியக் கலயனார் வீட்டிலும் பட்டினி. நெல் வாங்கிவரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றித் தருகிறார்; கலயனாரோ வழியில் கண்ட வணிகனிடம் அதைக் கொடுத்துக் கோயிலுக்குத் தூபமிடக் குங்கிலியம் வாங்கிவிடுகிறார். இரவில் இறைவன் அருளால் வீடு நெல்லும் பொன்னுமாக நிறைகிறது. கணவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அந்த அம்மையார் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்விக்கு இடமில்லாதபடி கதை அமைந்துள்ளது.

தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்டர் பரத்தையிடம் சென்றுவந்ததை அறிந்த மனைவி, சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டக் கூடாது என்கிறார். அந்த ஆணையை ஏற்ற கணவர், மற்றப் பெண்களையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று உறுதிகொள்கிறார். ஊருக்குத் தெரியாமல் இருவரும் ஒரே வீட்டில் தொடாமலே வாழ்ந்து முதுமை அடைகின்றனர். சிவயோகியார் வேடத்தில் வந்த இறைவன், தாம் கொடுத்துவைத்துக் காணாமற்போன ஓட்டைத் திருடவில்லை என்று மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யும்படி வற்புறுத்த, மூங்கில் கோலின் இரு முனைகளைப் பற்றி இறங்குகின்றனர். காரணத்தையும் அப்போதுதான் வெளியே சொல்கின்றனர். எழும்போது இளமை திரும்பியிருக்கிறது. தவறு செய்த கணவனை மனைவி தண்டிப்பதும், அவள் சொல்லுக்கு அவன் கட்டுப்படுவதும் இக்கதையை இந்நூலில் தனித்து நிற்கச் செய்கின்றன.

பக்தியும் மணவாழ்வும் ஒத்துப்போகாத இடம் காரைக்கால் அம்மையார் வரலாறு. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றைப் புனிதவதியார் பசித்து வந்த அடியாருக்குப் படைத்துவிடுகிறார். உணவு வேளையில் கணவன் இரண்டாவதையும் கேட்க, இறைவனை வேண்டிப் பெற்ற கனியைத் தருகிறார். சுவை வேறுபட்டதால் உண்மை வெளிப்படுகிறது. அஞ்சிய பரமதத்தன் வணிகத்தைக் காரணம் காட்டிக் கப்பலேறி, பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்கு அவர் பெயரையே சூட்டுகிறான். உறவினர் புனிதவதியாரை அழைத்து வந்தபோது காலில் விழுகிறான். மனைவி என்ற நிலை முடிந்தபின், அவனுக்காகச் சுமந்த உடலழகை நீக்கும்படி வேண்டி அவர் பேயுருப் பெறுகிறார். காரைக்காலில் ஆனி மாதம் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் இவ்விருவரின் திருமணமும் நடத்தப்படுகிறது.

மங்கையர்க்கரசியார் நிலை வேறு. சமணம் சார்ந்த பாண்டியனின் அரசியாக இருந்தபடியே, அமைச்சர் குலச்சிறையாரோடு சேர்ந்து சம்பந்தரை மதுரைக்கு வரவழைக்கிறார்; பின்னர் கணவனும் நாயன்மார் வரிசையில் சேர்கிறான்.

இன்றைய வாசகரை உறுத்தும் கதைகளும் உண்டு. இயற்பகையார் மனைவியையே கேட்ட அடியாருக்கு அவரைக் கொடுத்துவிடுகிறார். முன்பு தம் வீட்டில் ஏவல் செய்தவர் அடியாராக வந்தபோது நீர்வார்க்கத் தயங்கிய மனைவியின் கையைக் கலிக்கம்பர் வெட்டுகிறார். பற்றறுத்தலின் உச்சமாக மரபு இவற்றைப் போற்றுகிறது. ஆனால் கலிக்கம்பர் கதையில் அறுபட்டது கணவரின் பற்று மட்டுமல்ல.