கக்குவான் இருமல்: ஆய்வகச் சோதனைகளின் வரலாறு

போர்டெடெல்லா பெர்ட்டுசிஸ் என்னும் பாக்டீரியாவால் வருவது கக்குவான் இருமல். அடுக்கடுக்கான இருமலும், அதன் முடிவில் மூச்சை இழுக்கும்போது எழும் கூவலும் நோயைக் காட்டிக்கொடுக்கும். கைக்குழந்தைகளிடம் அந்தக் கூவல் எழாமலே போகலாம். மூச்சு நின்று உடல் நீலம் பாய்வதே முதல் அறிகுறியாக இருக்கலாம். சோதனை மிகவும் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

பெல்ஜியத்தின் ஜூல் போர்டே 1900இல் ஒரு குழந்தையின் சளியில் இக்கிருமியை நுண்ணோக்கி வழியே கண்டார். அவரும் ஆக்டேவ் ஜாங்குவும் அதை வளர்த்தெடுக்க 1906 வரை ஆயிற்று. உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், இரத்தம் மூன்றும் கலந்த ஊடகத்தில்தான் அது வளர்ந்தது. 1916இல் டென்மார்க்கில் ‘இருமல் தட்டு’ முறை வந்தது. ஊடகம் ஊற்றிய தட்டைக் குழந்தையின் வாய்க்கு முன் பிடித்து இருமச் செய்வார்கள். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பெர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் இருவரும் 1932 முதல், பகல் வேலை முடிந்தபின் இத்தட்டுகளோடு ஏழைகளின் வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் உருவாக்கிய தடுப்பூசிக்கு வேர் அந்த மாலைநேர உழைப்பே. இந்த வரலாற்றில் அதற்கு ஈடான வேறொன்று இல்லை.

பின்னர் மூக்கு வழியே தொண்டையின் மேற்பகுதிவரை மெல்லிய குச்சியைச் செலுத்தி மாதிரி எடுப்பது வழக்கமாயிற்று. பஞ்சிலுள்ள கொழுப்பு அமிலங்கள் கிருமியைக் கொல்வதால் செயற்கை இழைக் குச்சிகளே ஏற்றவை. 1977இல் ரீகன், லோவ் இருவரின் கரி கலந்த ஊடகம் வந்தது. ஆனாலும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1989க்குப் பின் பரவிய பிசிஆர் சோதனை அந்தக் காத்திருப்பைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. அது தேடும் ஐஎஸ்481 என்ற மரபணுத் துண்டு கிருமிக்குள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் சிறிதளவு மாதிரியே போதும். போர்டெடெல்லா ஹோம்சியை என்ற உறவுக் கிருமியிலும் அதே துண்டு இருப்பது இச்சோதனையின் குறை.

எந்தச் சோதனையாயினும் காலம் முக்கியம். கல்ச்சருக்கு முதல் இரண்டு வாரமும், பிசிஆருக்கு மூன்று, நான்கு வாரம்வரையும் பலன் உண்டு. ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரம் நோய் வெறும் சளிபோலத்தான் தெரியும்; அதற்குள் வீட்டிலுள்ளோருக்கும் அது பரவிவிடலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகள் பலவற்றில் தறியும் தூளியும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. பெரியவரின் தீராத இருமல் அங்கே ஆறு வாரத்தில் போடும் முதல் தடுப்பூசிக்கு முன்பே குழந்தையைத் தொற்றக்கூடும். நம் ஊர் ஆய்வகங்களிலேயே செய்யும் இரத்த அணுக்கள் எண்ணிக்கையில் லிம்போசைட் என்ற வெள்ளணு அளவுக்குமீறி உயர்ந்திருந்தால், நோயை உறுதிசெய்யாவிட்டாலும், ஐயத்துக்கு அது போதும். மாதிரியைச் சென்னையின் கிங் இன்ஸ்டிடியூட் போன்ற பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பத் தாமதிக்கக் கூடாது. இருமல் தொடங்கிப் பல நாள் கடந்த பெரியவர்களுக்கு, கிருமியின் நச்சுக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தச் சோதனை உதவும். அண்மையில் தடுப்பூசி போட்ட குழந்தையிடம் அதே ஐஜிஜி ஊசியாலும் உயர்ந்திருக்கும்.